ரங்கூனிலிருந்து நாலு மணி நேரம்

ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்கு ஆகாய விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்பது சுருளிப்பட்டியிலேயே முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் தெரியவந்தது. அதற்கு முன்பெல்லாம் ரங்கூன் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும், "போனா ரெண்டு வருசம்" என்றுதான் பதில் வரும். போனவர்கள் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருவார்கள். அதனால் அது அவ்வளவு தூரம்.

அப்பா அங்கே ஓர் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தார். எனக்கு இரண்டு வயதானபோது போனவர், இடையில் மூன்று தடவை வந்திருந்தார். கடைசியாக வந்துபோன பிறகு தம்பி பிறந்தான். நான் சொல்லப்போவது நடந்த வருஷம் அவனுக்கு வயது மூன்று, அவன் அக்காவான எனக்குப் பதினொன்று. அவனுக்கு அப்பா முகம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவனிடம் அடிக்கடி பெருமையடித்துக்கொள்வேன்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி மார்கழியில் பள்ளிக்கூடத்து வாத்தியார் மூலமாக ஊருக்குள் வந்தது. தை மாதம் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம். தனக்கு ஒரு குறைவும் இல்லை, கப்பல் கிடைத்தால் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். அதன்பிறகு கடிதமே இல்லை. மாசி நடுவில் அந்த மில்லின் முதலாளியே உத்தமபாளையத்தில் இருக்கும் தம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அம்மா தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலாளி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். எல்லாரும் அவர் பறந்துவந்த கதையைக் கேட்க வந்தவர்கள். "ரங்கூன்ல காப்பி குடிச்சிட்டு ஏறுனேன். கல்கத்தாவுல மத்தியானச் சாப்பாடு. நாலு மணி நேரம், அம்புட்டுத்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கல்கத்தாவிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக உத்தமபாளையம் வந்து சேரத்தான் நாலு நாளானதாம். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய்ச் சேரவே பஸ்ஸில் பகல் முழுக்க ஆகிற காலம் அது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா தூணோரமாக நின்று கேட்டாள். "அவுகளையும் கூட்டியாந்திருக்கலாமே."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "பொய் சொல்லக் கூடாது ஆத்தா. பிளேன்ல எனக்கு ரெண்டு எடம் கெடச்சுச்சு. வாய்யா போயிருவோம்னு கூப்புட்டேன். ஒத்தையா வர முடியாது, நீங்க போங்கன்னுட்டாக" என்றார்.

"ஒத்தையா வர முடியாதுன்னா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு தம் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார். "மண்டலைப் பக்கமாப் போயி மலை வழியா நடந்து வாரோம்னு சொன்னாக. மில்லு ஆளுகளும் கொஞ்சப் பேரு நடக்குறாக. வந்துருவாக. நீ தைரியமா இரு ஆத்தா" என்றார். உள்ளே குரல் கொடுத்து எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வாய்க்கால் ஒன்றில் இறங்கி முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். வெயிலும் புழுதியும் அப்படி இருந்தன, நானும் கழுவிக்கொண்டேன்.

இந்தச் செய்தியைக் கேட்டுப் பூரித்துப்போனவர் பெரியப்பா. ஒரே முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. "நாலு மணி நேரத்துல வந்திருக்க வேண்டியவன். கூட வேலை செஞ்ச ஆளுகளை விட்டுட்டு வர மாட்டேன்னுருக்கான் பாரு. எங்க ஐயா புத்தி" என்று டீக்கடையில் சொன்னார், களத்துமேட்டில் சொன்னார், போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஆனால் அந்த நாலு மணி நேரமே கொஞ்ச நாளில் எங்களுக்கு எமனாக வந்து நின்றது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் கப்பலில் வந்து சேர்ந்தார். சின்னமனூரில் இரண்டு பேர் நடந்தே வந்துவிட்டார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில்லை என்று அவர்கள் சொன்னார்கள். நாலு மணி நேரத்தில் வரக்கூடிய ஊரிலிருந்து நாலு மாதமாக ஒருவன் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. விமானம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அப்பாவுக்கு வழக்கம்போல இரண்டு வருஷம் தவணை கிடைத்திருக்கும்.

வைகாசியில் ஒருநாள் பெரியப்பா முற்றத்தில் வந்து நின்றார். அம்மா அவர் முன்னால் வர மாட்டாள், நேரே பேசவும் மாட்டாள். கதவுக்குப் பின்னால் அம்மா, முற்றத்தில் பெரியப்பா, நடுவில் நான். இரண்டு பக்கப் பேச்சையும் மறு பக்கத்துக்குச் சொல்வது என் வேலை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்றாலும் முறை அதுதான்.

"உங்க ஆத்தாகிட்டச் சொல்லு. ஆவணியில எம் மக, உங்க அக்காவுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம தோரணம் கட்ட முடியாது. ஆனிக்குள்ள அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சு முடிச்சிருவோம். எனக்கு மட்டும் மனசு இல்லையா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரே தம்பி.

செய்ய வேண்டியது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மா கழுத்துத் தாலியைக் கழற்றிவிடுவார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "அவுக பறந்து வரலைன்னு சொல்லு. நடந்து வாராக. நடந்து வந்தா எம்புட்டு நாளாகும்னு பாத்துட்டு அப்புறம் பேசுவோம்னு சொல்லு."

அன்று சாயங்காலம் அம்மா என்னை வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடம் விடுமுறை, ஆனால் தேசப்படம் அவர் வீட்டில்தான் சுருட்டி வைத்திருக்கும். அவர் அதைத் தரையில் விரித்து, ரங்கூனையும் கல்கத்தாவையும் காட்டி, ஒரு நூலைக் கொடுத்து அளக்கச் சொன்னார். நேராக இழுத்துப் பிடித்தால் அறுநூற்றைம்பது மைல் வந்தது. அது விமானத்தின் வழி. பிறகு நடக்கிறவர்கள் மண்டலை வரைக்கும் வடக்கே போய், அங்கிருந்து மேற்கே மலைகளைத் தாண்டி மணிப்பூருக்குள் இறங்குகிற வழியைப் பத்திரிகை பார்த்துச் சொன்னார். அந்த வழியாக நூலை வளைத்து வளைத்து வைத்தபோது, ரயில் கிடைக்கிற இடம் வரைக்குமே எண்ணூற்றைம்பது மைலைத் தொட்டது. நாளைக்குப் பதினைந்து மைல் என்று வகுத்தேன். ஐம்பத்தேழு நாள். வைகாசியே வந்துவிட்டது, ஆக அப்பா எப்போதோ வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சிலேட்டைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நாளைக்கு எம்புட்டுப் போட்ட?" என்றாள்.

"பதினஞ்சு மைலு."

"ஆரு நடந்து பாத்தா, பதினஞ்சு மைலு?"

மறுநாள் காலை அம்மா ஒரு சாக்கில் அரிசி, பருப்பு, ஒரு பானை, இரண்டு போர்வை கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பெரியம்மா ஓடிவந்து, "அவனை விட்டுட்டுப் போயேன், நான் பாத்துக்கிறேன். மலைக்கா அவனத் தூக்கிட்டுப் போவ?" என்றாள்.

"இல்லக்கா. அவன் வரணும்" என்றாள் அம்மா.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கம்பம் தாண்டுவதற்குள் அவன் மூன்று தடவை இறங்கி, நாலு தடவை ஏறிவிட்டான். நடக்கச் சொன்னால் ரோட்டில் உட்கார்ந்துகொண்டான். "அப்பா என்ன தம்பியவா தூக்கிட்டு வாராக? இவன விட்டுட்டு வந்திருந்தா இந்நேரம் கூடலூரு போயிருக்கலாம். கணக்கே தப்பாப் போயிரும்" என்றேன்.

"நட" என்றாள் அம்மா.

அன்று கூடலூரில் ஒரு சாவடியில் தங்கினோம். இரண்டாம் நாள் மலையடிவாரம் போய்க் குமுளிப் பாதையில் ஏறினோம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் இடுப்பில் பிள்ளை இல்லை. மைல்கற்களை எண்ணுவது என் பொறுப்பு. ஒவ்வொரு கல்லிலும் அம்மா சாக்கை இறக்கி வைத்து, தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். பாதி மலையில் அவன் வாந்தியெடுத்தான். ஒரு திருப்பத்தில் அம்மாவுக்குக் கால் பிசகி, சாக்கு உருண்டு, பானை உடைந்தது. உடைந்த பானையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாக்கை மறுபடியும் தலையில் வைக்கச் சொல்லிக் குனிந்தாள். "திரும்பிப் போயிருவோம்மா" என்றேன். "அவுக திரும்பிப் போக முடியுமா?" என்று கேட்டுவிட்டு ஏறினாள்.

பொழுது சாயும்போது குமுளிக்கு வந்து சேர்ந்தோம். சாயாக்கடைக்காரி ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, "குட்டியத் தூக்கிட்டு எவிடப் போறீக?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல. நடந்து பாக்க வந்தோம்" என்றாள் அம்மா.

அந்தம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் விறகுக் கொட்டகையில் எங்களுக்கு இடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல். நகர முடியவில்லை. அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் மலை என்றால் தள்ளி நின்று பார்ப்பதற்கு அழகானது. அங்கே உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் நாங்கள் இரண்டு நாள் நடந்த பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளங்கையளவு தெரிந்தது. இதை விமானம் எவ்வளவு நேரத்தில் தாண்டும் என்று மனக்கணக்குப் போட்டேன். ஏழே நிமிஷம் என்று வந்தது. சொன்னேன். அம்மா சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இப்பச் சொல்லு. மூணு நாளைக்கு எத்தனை மைலு?"

"பத்தொம்பது. ஆனா இன்னக்கி நாம நடக்கவே இல்லையே, அதை எதுக்குச் சேக்கணும்?"

"காய்ச்சக்காரப் பிள்ளைக்குக் காவலிருக்கிற நாளும் வழியில போன நாளுதான். சேத்துக்கோ."

நாளைக்கு ஆறு மைல் என்று போட்டேன். எண்ணூற்றைம்பதை ஆறால் வகுத்தால் நூற்று நாற்பத்திரண்டு நாள். ரயிலுக்கு ஒரு வாரம், நோவுக்கு இருபது நாள் என்று அம்மா கூட்டிக்கொண்டாள். மாசி முதல் தேதியிலிருந்து எண்ணினால் ஆடிப் பதினெட்டை ஒட்டி வந்தது. நான் போட்ட கணக்கைவிட இது மூன்று மடங்கு. பாசத்தினால் அம்மா கணக்கைக் கோட்டைவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு முழு ஆண்பிள்ளை, தனியாக, கைவீசி நடந்தால் ஆறு மைலா?

ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பாவிடம் நான் சிலேட்டோடு போய் நின்றேன். அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். கதவோரத்தில் தெரிந்த அம்மாவின் பாதம் இரண்டும் வீங்கி வெடித்திருந்தன. "சரி, ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்போம். அதுக்கும் வரலைன்னா ஆடி அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்துல எள்ளும் தண்ணியும் விட்டுருவோம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் புதுவெள்ளம் போயிற்று. அப்பா வரவில்லை. பத்தொன்பது, இருபது என்று நான் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன். கணக்கைப் போட்டது நான் என்பதால், வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று பயமாக இருந்தது.

அமாவாசையன்று காலை பெரியப்பா வண்டி பூட்டி நிறுத்திவிட்டு, குளித்த ஈரத்தோடு முற்றத்தில் வந்து நின்றார். கையில் எள்ளுப் பொட்டணம்.

"வண்டி நிக்கிதுன்னு உங்க ஆத்தாகிட்டச் சொல்லு."

நான் திரும்புவதற்குள் அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்து வாசற்படியில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, நேராகப் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வரல."

பெரியப்பா ஒரு அடி பின்னால் போனார். அவள் சொன்னதைவிட, அவரிடம் சொன்னதுதான் அவரை அப்படி ஆக்கியிருக்க வேண்டும்.

"நீ சொன்ன கணக்குத்தான... அது தப்பிப் போச்சேம்மா."

"கணக்குத்தான் தப்பியிருக்கு. ஆளு தப்பல. நாங்க மலை ஏறுனது வைகாசி. மழை இல்ல. அவுக வார மலையில ஆனி ஆடியில பொழுதன்னைக்கும் மழையாம்ல, வாத்தியாரு பேப்பருல படிச்சாராம். அதை நான் சேக்கல. மழையிலயும் நடந்து பாத்துத்தான் சொல்லணும்னா, இந்தா, பிள்ளைகளைப் பாத்துக்கோங்க. இப்பவே கெளம்புறேன். ஆனா தாலியில ஆரும் கை வைக்கக் கூடாது."

குரலை அவள் உயர்த்தவில்லை. பெரியப்பா எள்ளுப் பொட்டணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனியாகவே வண்டியேறிச் சுருளிக்குப் போனார். தம்பிக்கு அண்ணன் என்ற முறையில் அவரே எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, சாயங்காலம் கண் சிவந்து வந்தார். வரும்போது எனக்கும் தம்பிக்கும் பொரிகடலை வாங்கிவந்திருந்தார். அம்மாவை அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா வந்தது அதற்குப் பதினான்காம் நாள், ஆவணியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் காய்ந்த சோளத்துக்கு நான் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். தாடியும் சடையுமாக ஒருவர் தெருவில் வந்தார். பண்டாரம் என்று நினைத்தேன். அவர் தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, அவர் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஆரு வேணும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா முகம் எனக்குத் தெரியும் என்று தம்பியிடம் பெருமையடித்தவள் நான்.

பெரியப்பாதான் முதலில் அடையாளம் கண்டு ஓடிவந்தவர். வந்தவர் இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்ட ஒருவரை எப்படித் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் அப்படியே விழுந்து கட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். தெரு கூடிவிட்டது. மலை இறங்கியதும் காய்ச்சலில் ஆறு வாரம் முகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தது, பிறகு ரயில் ஓடாமல் வழியில் நின்றது என்று அப்பா மெல்லிய குரலில் ஏதேதோ சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவின் கண் அப்போதுதான் குழந்தையிடம் போயிற்று. சப்பை மூக்கும் சின்னக் கண்ணுமாக அது கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, அப்பாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"இது ஆரு பிள்ளைப்பா?"

அப்பா தலை குனிந்தார்.

"வழியில தாயைப் பறிகொடுத்துட்டு நின்ன பிள்ளை." வாசற்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள். "விட்டுட்டு வர மனசு வராமத் தூக்கியாந்திருக்காக. மனுசரு வேற என்ன செய்வாக?"

சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தாள். குழந்தை அப்பாவை விடவில்லை. அம்மா அவசரப்படாமல் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாள். "ஏ புள்ள, வேடிக்கை பாக்காம வெந்நி போடு. தலையெல்லாம் பேனு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா நிமிர்ந்து அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னவள் நான்தான். பள்ளிக்கூடத்திலும் வாய்க்கால் படித்துறையிலும் சொன்னேன். செத்துக் கிடந்த தாயின் பக்கத்தில் குழந்தை அழுதது, எல்லாரும் தாண்டிப் போனது, எங்கள் அப்பா ஒருவர் மட்டும் நின்றது. சொல்லச் சொல்லக் கதையில் ஓர் ஆறு வந்தது, பிறகு ஒரு சிறுத்தையும் வந்தது. "பிள்ளை ஆரு சாடை?" என்று எந்தப் பெண்ணாவது இழுத்துக் கேட்டால் போதும், நான் மண்டலையிலிருந்து தொடங்கிவிடுவேன். வாயாடினால் தொடையில் கிள்ளுகிற அம்மா, இதற்கு மட்டும் என்னை ஒரு தடவைகூடக் கிள்ளவில்லை.

அப்பா வாய் திறப்பதற்கு முன்பே அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்களோடு தங்கச்சியாய் வளர்ந்த அந்தக் குழந்தை எங்கள் அப்பாவின் சொந்தப் பிள்ளை என்பது எனக்கு விளங்க, நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற வேண்டியிருந்தது. உத்தமபாளையத்து வாய்க்காலில் அம்மா அத்தனை நேரம் எதைக் கழுவினாள் என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். நான் கதையைத் தொடங்கியதும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. அத்தனை மாதம் நடந்த கால், உட்கார்ந்த இடத்தில் இருக்கவிடாமல் அவரை இழுக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.